நாற்பது புள்ளியும் பதின்மூன்று சீட்டும்

பிரிட்ஜ் மேசையில் நான்கு பேர் உட்காருகிறோம். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒருவர் டிக்ளேரர். அவருக்கு எதிரில் இருப்பவர் தன் சீட்டுகளை மேசையில் விரித்து வைத்துவிட்டு டம்மியாகச் சும்மா இருப்பார். மீதி இருவரும் அந்தக் கான்ட்ராக்டைக் கவிழ்க்கப் பார்ப்பார்கள். ஆக, நாம் ஆடும் ஆட்டங்களில் கால்வாசியில்தான் டிக்ளேரர், சரிபாதியில் தடுப்பாட்டக்காரர். ஆனால் பத்திரிகைப் பத்திகளைப் படித்தாலும், கிளப்பில் டீ குடித்தபடி பேசுகிற பேச்சைக் கேட்டாலும், எல்லாம் டிக்ளேரரின் சாமர்த்தியத்தைப் பற்றியே இருக்கும். நல்ல சீட்டு வந்தவன் ஜெயித்த கதை அது. போட்டிகளில் இத்தனை வருடம் உட்கார்ந்து எழுந்த பிறகு நான் சொல்ல நினைப்பது வேறு. எதிராளிக்கு நல்ல சீட்டு வந்த நாளில், எங்கே ஏறிக் கேட்பது, எங்கே விட்டுவிடுவது, விட்ட பிறகு எப்படித் தடுப்பது என்று தெரிந்திருக்கிறதே, அதில்தான் போட்டியாளன் உருவாகிறான்.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். 52 சீட்டு, ஆளுக்கு 13. எதிரெதிரே இருப்பவர்கள் பார்ட்னர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு சீட்டு விழும். பெரியதைப் போட்டவருக்கு அந்தப் பிடி. ஆட்டத்துக்கு முன் ஏலம். க்ளப், டைமண்ட், ஹார்ட், ஸ்பேட், நோ டிரம்ப் என்ற வரிசையில் ஒன்றிலிருந்து ஏழு வரை கேட்கலாம். சொன்ன எண்ணோடு ஆறைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ‘மூன்று ஸ்பேட்’ என்றால் ஸ்பேடைத் துருப்பாக வைத்து ஒன்பது பிடி எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுப்பது. கையை எடைபோட ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குவீனுக்கு 2, ஜாக்குக்கு 1. நான்கு வகையும் சேர்ந்தால் 40. போட்டிகளில் ஒரு தடவை பங்கிட்ட சீட்டு அப்படியே ஒரு தட்டில் சொருகப்பட்டு அடுத்த மேசைக்குப் போகும். அதைப் போர்டு என்போம். அதே கையை வைத்துக்கொண்டு அந்த மேசைக்காரர் என்ன செய்தார் என்பதோடுதான் நம் ஆட்டம் ஒப்பிடப்படும். மோசமான சீட்டு வந்துவிட்டது என்று யாரும் புலம்ப முடியாது.

கேட்ட பிடிகளுக்கு மட்டுமே பெரிய பரிசு என்ற ஏற்பாடு 1925-இல் வந்தது. ஃபின்லாந்து என்ற கப்பலில் பனாமா கால்வாய் வழியாகப் போய்க்கொண்டிருந்த அமெரிக்கர் ஹெரால்டு வாண்டர்பில்ட், புதிய மதிப்பெண் அட்டவணை ஒன்றைச் சக பயணிகளோடு ஆடிப் பார்த்தார். அதற்கு முன்பிருந்த ஆக்‌ஷன் பிரிட்ஜில், கேட்காமல் எடுத்த பிடிகளும் கேம் என்ற பெரிய பரிசுக்கான கணக்கில் சேர்ந்துவிடும். அவர் அதை மாற்றினார். அன்றிலிருந்து ஏலம் என்பது வெறும் முன்னுரையாக இல்லாமல் ஆட்டத்தின் பாதியாகிவிட்டது.

புதிதாகக் கற்றுக்கொள்ள வருபவர்களில் பலர் வீட்டில் இருபத்தெட்டு ஆடியவர்கள். யாழ்ப்பாணப் பக்கத்துக்காரர்கள் என்றால் முந்நூற்று நாலு. இவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். பார்ட்னரை நம்பி ஆடுவது, துருப்பு வெட்டுவது, விழுந்த சீட்டை நினைவில் வைப்பது எல்லாம் ஏற்கெனவே கைவந்திருக்கும். ஜாக்குக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என்று 28 வரை எண்ணிப் பழகிய ஆளுக்கு 40 வரை எண்ணுவது சிரமமே இல்லை. ஒன்றைத்தான் அவர்கள் மறக்க வேண்டியிருக்கும். அங்கே துருப்பைக் கவிழ்த்து வைத்து மறைப்பது ஆட்டத்தின் உயிர். பிரிட்ஜில் எனக்கும் என் பார்ட்னருக்கும் இடையில் ரகசியம் இருக்கக் கூடாது. அவர் சொன்ன ஏலத்துக்கு எங்களுக்குள் என்ன பொருள் என்று எதிராளி கேட்டால் முழுசாகச் சொல்லியாக வேண்டும். சீட்டை மறைக்கலாம், ஒப்பந்தத்தை மறைக்கக் கூடாது. இது புரிய சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். சீட்டு என்றாலே சூதாட்டம் என்று முகம் சுளிக்கிற வீடுகளிலிருந்து வருபவர்களுக்கு நான் 1968-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்வதுண்டு. ரம்மியைத் திறமை ஆட்டம் என்று ஏற்ற அந்த வழக்கில், நீதிபதிகள் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டது பிரிட்ஜைத்தான்.

என் பார்ட்னர் என்னைவிட வயதில் மூத்தவர். நான் ‘சார்’ என்பேன். அவர் ‘தம்பி’ என்பார். நாங்கள் சேர்ந்து ஆடத் தொடங்கிய காலத்தில் எனக்குப் பாஸ் சொல்வதுதான் பத்திரமாகத் தோன்றும். எதிராளி ஒரு ஹார்ட் என்று திறப்பார், அவர் பார்ட்னர் இரண்டு ஹார்ட் என்பார், அங்கேயே நிற்கும். என் கையில் எட்டோ ஒன்பதோ புள்ளி, பாஸ். ஆட்டம் முடிந்ததும் சார் மெதுவாகக் கேட்பார்: “தம்பி, அவங்க ரெண்டு பேரும் சேர்ந்தே ரெண்டுல நின்னுட்டாங்கன்னா, மீதிப் புள்ளி எங்க போச்சு?”

அந்தக் கேள்விக்குள் ஒரு பாடமே இருக்கிறது. பொருத்தமான வகை கிடைத்தும் இரண்டாம் படியிலேயே நிற்கிறார்கள் என்றால் அவர்களிடம் கேமுக்கு வேண்டிய 25 இல்லை. 20-ஐச் சுற்றித்தான் இருக்கும். அப்படியானால் எங்களிடமும் 20-ஐச் சுற்றி இருக்கிறது. என் கையில் 8 என்றால் சாரிடம் 11, 12. அவர் ஏன் முன்பே பேசவில்லை? கையில் ஹார்ட் நிறைய இருந்திருக்கும், அல்லது ஏறிக் கேட்க நீளமான வகை இருந்திருக்காது. அப்போது கடைசி இடத்தில் இருக்கும் நான்தான் இரண்டு ஸ்பேட் என்று எழுப்ப வேண்டும். பார்ட்னர் கையிலிருந்து ஒரு கிங்கை மனதில் கடன் வாங்கிக்கொண்டு சொல்கிற ஏலம் அது. கடன் கொடுத்தவர் அதை மறந்துவிட்டு, ‘என்னிடம் 12 இருக்கிறதே’ என்று மேலே ஏற்றினால் இரண்டு பேரும் விழுவோம். எதிராளியை மூன்று ஹார்ட்டுக்குத் தள்ளினாலே வேலை முடிந்தது. எட்டுப் பிடியில் சுகமாக இருந்தவர் ஒன்பது எடுக்க வேண்டிய நெருக்கடியில் ஆடுவார். இரண்டாம் படியில் பொருத்தத்தோடு படுத்துக்கொண்டவரைத் தூங்கவிடாதே என்பது சார் எனக்குப் போட்டுத் தந்த முதல் விதி.

எவ்வளவு தூரம் ஏறலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த ழான்-ரெனே வெர்ன் 1960-களில் எழுதியது. 1992-இல் லாரி கோஹன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் ஒரு புத்தகத்தின் மூலம் அதை உலகமெங்கும் பரப்பினார். நம் துருப்புப் பொருத்தத்தில் எத்தனை சீட்டு, அவர்கள் துருப்புப் பொருத்தத்தில் எத்தனை சீட்டு, இரண்டையும் கூட்டு. நாம் நம் துருப்பில் எடுக்கக்கூடிய பிடிகளும் அவர்கள் தங்கள் துருப்பில் எடுக்கக்கூடிய பிடிகளும் சேர்ந்து, சராசரியாக அந்தக் கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில் வரும். மொத்தப் பிடி விதி என்று இதைச் சொல்வோம்.

ஒரு கையை வைத்துப் பார்ப்போம். ஸ்பேடில் கிங், ஜாக், 7, 4. ஹார்ட்டில் 6, 3. டைமண்டில் குவீன், 8, 5, 2. க்ளப்பில் ஜாக், 9, 4. ஏழே புள்ளி. இடப்பக்கத்தவர் ஒரு ஹார்ட், பார்ட்னர் ஒரு ஸ்பேட், வலப்பக்கத்தவர் இரண்டு ஹார்ட். பார்ட்னரிடம் ஐந்து ஸ்பேட், என்னிடம் நான்கு, ஆக ஒன்பது. அவர்களிடம் ஹார்ட் எட்டாவது இருக்கும். கூட்டினால் 17. அவர்கள் ஹார்ட்டில் ஒன்பது பிடி எடுக்கக்கூடியவர்கள் என்றால் நமக்கு ஸ்பேடில் எட்டு. மூன்று ஸ்பேட் கேட்டு ஒன்று குறைந்தால், வல்னரபிள் (பரிசும் அபராதமும் கூடுதலாக இருக்கும் நிலை) இல்லாதபோது 50 போகும். கேட்காமல் விட்டால் அவர்களுக்கு 140. அவர்கள் எட்டுதான் எடுப்பார்கள் என்றால் நமக்கு ஒன்பது: மூன்று ஸ்பேட் நின்று 140 வரும்; விட்டிருந்தால் இரண்டு ஹார்ட் நின்று அவர்களுக்கு 110 போயிருக்கும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மூன்று ஸ்பேட் லாபம். அதனால் இந்த ஏழு புள்ளிக் கையோடு நான் இரண்டு ஸ்பேட் சொல்வதில்லை. ஒரே தாவலில் மூன்று. திறந்தவர் தன் கையைப் பற்றிப் பார்ட்னருக்கு எடுத்துச் சொல்ல இடமே இல்லாமல் போகும். நான்காம் படிக்குப் போவதா என்பதை இருட்டில் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

இந்த விதியை மந்திரமாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. மைக் லாரன்ஸும் ஸ்வீடனின் ஆண்டர்ஸ் விர்கிரெனும் 2004-இல் அதற்கு எதிராக ஒரு முழுப் புத்தகமே எழுதினார்கள். துருப்பு எத்தனை என்பதைவிட, இரண்டு கையிலும் சேர்ந்து எந்த வகைகள் குட்டையாக இருக்கின்றன, புள்ளிகள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதே முக்கியம் என்பது அவர்கள் வாதம். என் அனுபவம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மேலே சொன்ன கையில் டைமண்ட் குவீனுக்கும் க்ளப் ஜாக்குக்கும் பதிலாக ஹார்ட்டில் குவீன், ஜாக் இருந்தால் நான் பின்வாங்கிவிடுவேன். எதிராளியின் துருப்பில் மாட்டிக்கொண்ட குவீன், ஜாக் நாம் ஆடும்போது செத்த சீட்டு; தடுக்கும்போது பிடி. அதே ஏழு புள்ளிதான். முதல் கை ஏறச் சொல்கிறது. இரண்டாம் கை உட்கார்ந்து தடுக்கச் சொல்கிறது. புள்ளி எண்ணத் தெரிந்தவர்கள் நிறைய; புள்ளி எந்த வேலைக்கு ஆகும் என்று பார்ப்பவர்கள் குறைவு.

எதிராளி விழுவார் என்று நம்பிப் பந்தயத்தை ஏற்றும் டபுளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அணிப் போட்டிகளில் இரு மேசை மதிப்பெண்ணின் வித்தியாசத்தை இம்ப் என்ற அளவுக்கு மாற்றுவார்கள். வல்னரபிள் இல்லாத எதிராளி மூன்று ஸ்பேடில் ஒன்று குறைவார் என்று நினைத்து டபுள் போட்டால், 50-க்குப் பதில் 100 கிடைக்கும். அதாவது 2 இம்ப். அவர் அதை எடுத்துவிட்டால் 140 கொடுக்க வேண்டிய இடத்தில் 530. கிட்டத்தட்ட 9 இம்ப் போகும். இரண்டுக்காக ஒன்பதைப் பணயம் வைக்கிற காரியம். ஜோடிப் போட்டியில் கணக்கே வேறு: அங்கே ஒவ்வொரு பத்துப் புள்ளிக்கும் மற்ற மேசைகளோடு மல்லுக்கட்டு, அந்த 100 இல்லாமல் பல போர்டுகளில் பூஜ்யம்தான். ஒரே மனிதன் காலையில் ஜோடிப் போட்டியிலும் மாலையில் அணிப் போட்டியிலும் இரண்டு விதமாகத் துணிய வேண்டும். கேம் கேட்பதிலும் அப்படியே. அணிப் போட்டியில் வல்னரபிளாக இருக்கும்போது நூற்றுக்கு 38 வாய்ப்பு இருந்தாலே நான்கு ஸ்பேட் கேட்பது லாபம். எடுத்தால் 10 இம்ப் வரவு, விழுந்தால் 6 தான் செலவு.

ஏலம் ஐந்தாம் படிக்குப் போகும்போது இந்தத் துணிச்சல் முழுவதையும் அடக்கிக்கொள்ள வேண்டும். ஐந்தாம் படி எதிராளிக்கே சொந்தம் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வது சும்மா இல்லை. நாம் நான்கு ஹார்ட், அவர்கள் நான்கு ஸ்பேட். ஐந்து ஹார்ட் சொல்ல நாக்கு துடிக்கும். நாம் வல்னரபிள் இல்லை, அவர்கள் வல்னரபிள் என்றால், டபுளோடு மூன்று குறைந்து 500 கொடுத்தாலும் அவர்களின் 620-ஐவிட மலிவு. நிலைமை தலைகீழானால் இரண்டே குறைந்தாலும் 500. அவர்கள் கேம் வெறும் 420. அதைவிட மோசம், நான்கு ஸ்பேட் விழப்போகிற நாளில் ஐந்து ஹார்ட் சொல்லி நாமே விழுவது. அவர்கள் வகையில் நம்மிடம் இரண்டு தோல்விச் சீட்டு இருந்தால் டபுள். ஒன்றோ, இல்லவே இல்லையோ என்றால் மேலே யோசிக்கலாம். ஐந்தாம் படியில் நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஒரு மாநிலப் போட்டியில் இப்படி ஒரு போர்டு. நாங்கள் வல்னரபிள், அவர்கள் இல்லை. சார் ஒரு ஹார்ட் திறந்தார். வலப்பக்கம் பலவீனமான இரண்டு ஸ்பேட். கேமுக்கு உரிய நல்ல கை என்று தெரிவிக்க நான் மூன்று ஸ்பேட். இடப்பக்கம் நான்கு ஸ்பேட். இந்த இடத்தில் சார் பாஸ் சொன்னால் ‘நீ முடிவு செய்’ என்று பொருள். டபுளோ ஐந்து ஹார்ட்டோ நான் சொல்லியே ஆக வேண்டும். சார் யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். பிறகு பச்சை நிறப் பாஸ் சீட்டை எடுத்து வைத்தார். என் கை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. ஐந்து ஹார்ட்டும் சொல்லலாம், டபுளும் போடலாம். ஆனால் அந்த நீண்ட தயக்கம் எனக்கு ஒன்றைச் சொல்லிவிட்டது: தடுப்பதில் சாருக்கு முழு விருப்பமில்லை. விதிப்புத்தகத்தின் 16-ஆம் விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. பார்ட்னரின் தயக்கத்திலிருந்தோ குரலிலிருந்தோ கிடைத்த தகவல், இரண்டு நியாயமான தேர்வுகளில் எதை நோக்கித் தள்ளுகிறதோ அதை நான் எடுக்கக் கூடாது. டபுள் போட்டேன். இரண்டு குறைந்தது, 300 கிடைத்தது. இன்னொரு மேசையில் ஐந்து ஹார்ட் நின்று 650. 8 இம்ப் போனது. அந்த டபுள்தான் சரி என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன். சாரும் அன்று ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லவில்லை. “நான் யோசிச்சதுக்கு அப்புறம் உனக்கு வேற வழி கிடையாது, தம்பி” என்றார்.

இந்த ஆட்டத்தின் நேர்மை இத்தனை மெல்லிய இழையில் தொங்குகிறது என்பது வெளியாட்களுக்குத் தெரிவதில்லை. வாயால் சொல்லும்போது குரல் ஏறி இறங்கும் என்றுதான் ஏலப் பெட்டிகள் வந்தன. பெர்முடா பவுல் என்ற உலகக் கோப்பையில் 1975-இல் மேசைக்குக் குறுக்கே திரை வைத்தார்கள். பார்ட்னர் முகமே தெரியாது. அதே போட்டியில் மேசைக்கடியில் கால்கள் பேசிய விவகாரம் வெடித்தது. அதன் பிறகு கீழேயும் தடுப்பு வந்தது. 2015-இல் பெர்முடா பவுல் சென்னைக்கு வந்தபோது பிரிட்ஜ் உலகம் கொதித்துக்கொண்டிருந்தது. நார்வேயின் போயே புரோகெலாண்ட் சில முன்னணி ஜோடிகள் மீது வெளிப்படையாகக் குற்றம் சாட்டியிருந்தார். ஆட்டங்களின் வீடியோவைப் பலர் மணிக்கணக்கில் அலசி, எந்தச் சீட்டை எப்படி வைக்கிறார்கள் என்று தேடினார்கள். ஜெர்மனி, இஸ்ரேல், மொனாக்கோ அணிகள் சென்னைக்கு வரவே இல்லை. போலந்து அணியில் ஒரு ஜோடிக்குக் கடைசி நேரத்தில் அனுமதி மறுக்கப்பட்டது. மீதி இரண்டு ஜோடிகளோடு ஆடியே போலந்து கோப்பையை வென்றது. எங்கள் ஊரில் நடந்த உலகப் போட்டி இப்படி ஒரு நிழலில் நடந்ததே என்று எனக்கு மிகுந்த வருத்தம். ஆனால் அந்த நிழலை விலக்கியவர்களும் ஆட்டக்காரர்கள்தான் என்பதில் பெருமையும் உண்டு.

இனி தடுப்பாட்டம். ஏலம் முடிந்ததும் பெரும்பாலானோர் அதை மறந்துவிடுகிறார்கள். ஏலத்தில் கேட்டதை 40 புள்ளியாகவும் 13 சீட்டாகவும் மாற்றிக்கொண்டே ஆடுபவனுக்குத்தான் எதிராளியின் கை தெரியத் தொடங்கும். ஒரு போர்டை விவரமாகச் சொல்கிறேன். வலப்பக்கத்தவர் ஒரு நோ டிரம்ப் திறந்தார். அவர்கள் முறையில் அது 15 முதல் 17 புள்ளி. இடப்பக்கத்தவர் நேராக மூன்று நோ டிரம்ப். என் கை: ஸ்பேடில் கிங், 10, 8, 5, 2, ஹார்ட்டில் 8, 7, 4, டைமண்டில் 10, 8, 5, க்ளப்பில் ஏஸ், 6. வழக்கப்படி ஸ்பேட் ஐந்தை இறக்கினேன். டம்மி விரிந்தது: ஸ்பேட் 7, 4, ஹார்ட் 9, 6, 3, டைமண்ட் கிங், ஜாக், 2, க்ளப்பில் கிங், குவீன், ஜாக், 10, 5. டம்மியிலிருந்து நான்கு, சார் ஒன்பது, டிக்ளேரர் ஜாக்கால் எடுத்தார்.

இந்த ஒரு பிடியிலேயே ஸ்பேட் திறந்துவிட்டது. மூன்றாவதாக ஆடுபவர் தன்னிடமுள்ள பெரிய சீட்டைப் போட வேண்டும். சார் போட்டது ஒன்பது. ஆகவே ஏஸ், குவீன், ஜாக் மூன்றும் டிக்ளேரரிடம்: 7 புள்ளி. அடுத்து அவர் க்ளப் ஆடினார். முதல் சுற்றில் விட்டுக்கொடுத்தேன். சார் எட்டைப் போட்டார். இரண்டாம் சுற்றில் இரண்டைப் போட்டார். பெரியது முதலில், சிறியது பிறகு என்றால் இரட்டைப்படை. சாரிடம் இரண்டு க்ளப், ஆக டிக்ளேரரிடம் நான்கு. ஏஸால் எடுத்து யோசிக்க உட்கார்ந்தேன்.

டம்மியில் 10, என்னிடம் 7. மீதி 23. டிக்ளேரருக்கு 15 முதல் 17 என்றால் சாருக்கு 6 முதல் 8. டிக்ளேரரின் 7 ஸ்பேடில் தெரிந்துவிட்டது. சிவப்பு வகைகளில் இன்னும் 8 முதல் 10 இருக்க வேண்டும். வெளியே இருப்பது ஹார்ட் ஏஸ், கிங், குவீன், ஜாக், டைமண்ட் ஏஸ், குவீன். பிடிகளை எண்ணினேன். அவருக்கு க்ளப்பில் நான்கு, ஸ்பேடில் இரண்டு. நான் மறுபடி ஸ்பேட் ஆடினால் அது அவருடைய ஏஸ்-குவீன் வாய்க்குள் போகும், மூன்றாகும். ஹார்ட் ஏஸ் அவரிடம் இருந்தால் எந்த அமைப்பை வைத்துப் பார்த்தாலும் ஒன்பது கூடி வந்தது. டைமண்ட் ஏஸும் குவீனும் அவரிடம் இருந்தால் ஒன்பது இப்போதே தயார். நான் அடுத்துப் போடும் சீட்டிலிருந்து எங்களுக்கு வரிசையாக நான்கு பிடி வேண்டும். அது எப்போது நடக்கும்? டைமண்ட் ஏஸ்-குவீனுக்கு 6. மீதி 2 ஹார்ட் குவீன். மொத்தம் 15. அப்போது சாரிடம் ஹார்ட் ஏஸ், கிங், ஜாக்: சரியாக 8. நான்கு க்ளப்பும் மூன்று ஸ்பேடும் வைத்திருக்கும் டிக்ளேரருக்குச் சிவப்பில் ஆறு சீட்டுக்கு மேல் இல்லை. அதில் நான்கு டைமண்ட் என்றால் ஹார்ட் இரண்டுதான். குவீன் காவலின்றி நிற்கும். நம்பிக்கைக்கு இடமிருந்த ஒரே அமைப்பு இதுதான்.

ஹார்ட் எட்டைப் போட்டேன். நான்கைப் போட்டிருந்தால் என்னிடம் பெரிய ஹார்ட் ஒன்று இருப்பதாகச் சார் எண்ணியிருப்பார். எட்டு, ‘என்னிடம் ஒன்றுமில்லை, எல்லாம் உங்கள் கையில்’ என்று சொல்லும். சார் கிங்கால் எடுத்தார், டிக்ளேரர் ஐந்து. அடுத்து ஏஸ், குவீன் விழுந்தது. ஜாக், 10, கடைசியில் இரண்டு வரை ஐந்து ஹார்ட்டும் எங்களுக்கு. க்ளப் ஏஸோடு ஆறு பிடி, இரண்டு குறைவு, 200. இன்னொரு மேசையில் எங்கள் ஆட்கள் அதே கான்ட்ராக்டில் பத்துப் பிடி எடுத்து 630 கொண்டுவந்திருந்தார்கள். 13 இம்ப். இந்தப் போர்டில் நான் எடுத்தது ஒரே ஒரு ஏஸ். ஆனால் நான் ஆடிய ஆட்டங்களில் எனக்கு மிகவும் பிரியமானவற்றுள் இது ஒன்று.

முதல் சீட்டு இறக்குவதற்கும் ஏலம்தான் வழிகாட்டி. ஒரு நோ டிரம்ப், மூன்று நோ டிரம்ப் என்று நேராகப் போனவர்களிடம் கைச்சரக்கு மிச்சம் இருக்கலாம். நீளமான வகையிலிருந்து துணிந்து தாக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று தயங்கித் தயங்கி ஏறியவர்களிடம் 25-க்கு மேல் ஒரு புள்ளி இருக்காது; எதையும் தானம் செய்யாமல் சாதுவாக ஒரு சீட்டைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் அவர்களே விழுவார்கள். புள்ளி நம்மிடம் இருக்க, எதிராளி வெட்டிப் பிழைக்கலாம் என்று ஐந்தாம் படிக்கு ஏறினால், துருப்பையே இறக்கி வெட்டுகளைக் குறைக்க வேண்டும். இவை எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். மேசையில் செய்வதற்குத்தான் ஆள் குறைவு. கை தானாகப் பழகிய சீட்டுக்குப் போய்விடுகிறது.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் வென்றவர்கள் நம் நாட்டின் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும். ஒருவருக்கு 60 வயது, மற்றவருக்கு 56. பலர் வயதைப் பார்த்து வியந்தார்கள். எனக்கு அந்த ஜோடியின் பழக்கம்தான் கண்ணில் பட்டது. இந்த ஆட்டத்தில் இளமையைவிட அது பெரிய சொத்து. என்ன சொன்னால் என்ன பொருள் என்று இருவருக்கும் ஒரே பதில் இருக்க வேண்டும். அதை உட்கார்ந்து பேசி உருவாக்கத்தான் வருடங்கள் பிடிக்கின்றன.

சாரும் நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். போட்டி நடக்கும்போது போர்டுகளைப் பற்றிப் பேசுவதில்லை என்பது எங்கள் கட்டுப்பாடு. மறுநாள் நோட்டோடு உட்காருவோம். இப்போது ஒரு பக்கம் முடிவாகாமல் கிடக்கிறது. நான் ஒரு ஸ்பேட், எதிராளி இரண்டு ஹார்ட், சார் இரண்டு ஸ்பேட், எதிராளி மூன்று ஹார்ட். இங்கே நான் டபுள் போட்டால் என்ன பொருள்? மூன்று ஹார்ட்டுக்கும் மூன்று ஸ்பேடுக்கும் இடையில் வேறு ஏலமே இல்லை. அதனால் மூன்று ஸ்பேட் வெறும் போட்டிக்கு, டபுள் ‘நான்கு ஸ்பேட் போகலாமா’ என்ற கேள்வி என்று வைத்துக்கொள்வோம் என்பது என் கட்சி. நிறைய ஜோடிகள் அப்படித்தான் ஆடுகிறார்கள். “ஹார்ட்ல நாலு சீட்டு வெச்சுக்கிட்டு அவங்க விழறதைச் சும்மா பாத்துக்கிட்டு இருக்கணுமா?” என்பது சார் கட்சி. அடுத்த போட்டியில் அவர் சொன்னபடி ஆடிப் பார்ப்பதென்று எழுதியிருக்கிறோம். ஆக, இப்போதைக்கு எங்கள் டபுள் தண்டனை டபுள். எதிராளி கேட்டால் அப்படியே சொல்லுவோம்.